இன்னும் இருக்கறான்

ஓசூர்
18 ஜனவரி 1953

கர்த்தருக்குள் பிரியமான சுகிர்தம் அக்காவுக்கு,

தம்பி ஈசாக்கு வணங்கி எழுதுவது. நானும் கிருபாராணியும் பிள்ளைகளும் தேவ தயவால் நலமாயிருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? கல்லூரி மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டீர்களா? இங்கே குளிர் தாங்கவில்லை. காலையில் மூடுபனியில் எதிர்வீடு தெரிவதில்லை. சின்னவளுக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலை.

நான் இந்தச் சபைக்கு உபதேசியாராக வந்து இரண்டு வருஷமாகப் போகிறது. போதகர் கிருஷ்ணகிரியில் இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ்ஸில் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்றதெல்லாம் என் தலையில்தான். ஜனங்கள் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள், சந்தையில் தமிழ், சண்டை வந்தால் மூன்றும். நம் ராணிப்பேட்டைத் தமிழை வைத்துக்கொண்டு நான் முதலில் பட்ட பாட்டைக் கேளுங்கள். ரங்கம்மா என்பவளின் வீட்டுக்கு ஜெபத்துக்குப் போயிருந்தேன். "மனுசன் வெளிய போயிருக்குதுங்க" என்றாள். எந்த மனுஷன் என்று கேட்டுவிட்டேன். வீடே சிரித்தது. இந்தப் பக்கத்தில் புருஷனைத்தான் மனுசன் என்கிறார்கள். பெயர் சொல்லக் கூடாதல்லவா.

ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஐந்து பெண்களைத் தயார் செய்கிறேன். ரங்கம்மா ஒருத்தி. கெம்பம்மா என்று இன்னொருத்தி, சர்க்கார் மாட்டுப் பண்ணையில் புல் அறுக்கிறவள், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். புருஷன் தங்கவயல் சுரங்கத்துக்குப் போய் அங்கேயே செத்துவிட்டதாகப் பண்ணையில் சொல்கிறார்கள். எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும். சாயங்காலம் ஆலயத்தைப் பெருக்கிக்கொண்டே பாடுவாள். கன்னட வாடையோடு அவள் பாடும்போது எனக்குத் தெரிந்த பாட்டே புதிதாகக் கேட்கிறது.

பழைய மனுஷன், புதிய மனுஷன் பற்றிய பாடத்தைத் தொடங்கியிருக்கிறேன். நமக்குள் பிறவியிலேயே இருக்கும் பாவ சுபாவம்தான் பழைய மனுஷன், அவன் ஞானஸ்நானத்தில் செத்து, புதிய மனுஷன் எழுந்திருக்கிறான் என்று சொல்கிறேன். சொல்லும்போதே என் நாக்கு கூசுகிறது. என்னுடையவன் சாகவில்லை, அக்கா. செய்யக்கூடாது என்று நினைப்பதையே நினைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்காக ஜெபியுங்கள் என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

இப்படிக்கு, தேவ சமாதானத்தை உங்களுக்கு வேண்டும்
ஈசாக்கு


சென்னை
2 பிப்ரவரி 1953

அன்புள்ள ஈசாக்குக்கு,

நலம். முழங்காலும் அப்படியே இருக்கிறது, மாடிப்படியும் அப்படியே இருக்கிறது. சின்னவளுக்கு இரவில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டச் சொல். கிருபாராணியின் கடிதம் வந்து வெகுநாளாயிற்று.

நான் ஜெபிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அப்பா இருந்தவரை கோயிலுக்கு வந்தேன், அது அப்பாவுக்காக. அதனால் ஜெபத்துக்குப் பதில் ஒரு கேள்வி கேட்கிறேன், தர்க்கம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் வேறென்ன செய்வாள்? உனக்குள் ஒரு பழையவன், ஒரு புதியவன். சரி. தப்பு நடந்தால் பழையவன் செய்தான், நல்லது நடந்தால் புதியவன் செய்தான். இந்த வீட்டில் ஈசாக்கு என்று ஒருவன் குடியிருக்கிறானா, அல்லது அவன் வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்காவது போய்விட்டானா?

கோபித்துக்கொள்ளாதே. மனுசன் கதையை எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அக்கா


ஓசூர்
6 ஏப்ரல் 1953

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்தவரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. எல்லோரும் சுகம். நேற்று ஈஸ்டர் ஆராதனையில் ஐந்து பெண்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். போதகர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

அதற்கு முந்தின வாரம் ஒவ்வொருத்தியையும் நான் சோதித்தேன். அதில் நடந்த ஒன்றை உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும், சந்தேகப்படுகிறவர்களுக்கும் அது பயன்படும். மற்றவர்கள் பாடம் பண்ணியதை ஒப்பித்தார்கள். கெம்பம்மாவிடம், "உன் பழைய மனுஷன் செத்தானா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்கய்யா. இன்னும் இருக்கறான். அப்பப்ப வந்துட்டுப் போறான்" என்றாள்.

எத்தனை வருஷம் வேதம் படித்தவர்களிடமிருந்து இப்படி ஒரு பதில் வரும்? ரங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளை அதட்டினேன். கெம்பம்மாவிடம், "நல்ல பதில். பயப்படாதே. ஞானஸ்நானத் தண்ணீர் உன் தலையில் விழுந்த பிறகு அவன் செத்தவனாக எண்ணப்படுவான். அப்புறம் உன்மேல் அவனுக்கு எந்த அதிகாரமும் இல்லை" என்றேன்.

"நெசமாவாய்யா?" என்று கேட்டாள்.

"வேதத்தில் எழுதியிருக்கிறது" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். அப்படி ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. சிறைக் கதவு திறந்தவள் மாதிரி அழுதாள்.

பண்ணையில் பம்பு ஓட்டும் ஜான்பீட்டர், நம் சபைப் பையன், நல்லவன், அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான். நான் தடை சொல்லவில்லை.

தேவ சமாதானத்தோடு,
ஈசாக்கு


சென்னை
20 ஏப்ரல் 1953

அன்புள்ள ஈசாக்குக்கு,

நலம். பரீட்சைத் தாள்கள் மலைபோல் கிடக்கின்றன. வெயில் தொடங்கிவிட்டது. உங்கள் ஊர்க் குளிரில் கொஞ்சம் அனுப்பிவை.

உன் கெம்பம்மாவின் பதில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மூளை வேறுமாதிரிப் பழகிவிட்டது. ரங்கம்மா ஏன் சிரித்தாள்? அந்த ஊரில் மனுசன் என்றால் யார் என்று ஜனவரியில் நீயே எழுதியிருந்தாய். கெம்பம்மா எந்த மனுஷனைச் சொன்னாள்? தங்கவயல்காரன் உண்மையிலேயே செத்தானா, யாராவது போய்ப் பார்த்தார்களா? விளையாட்டாகத்தான் கேட்கிறேன். இருந்தாலும் பதில் எழுது.

அன்புடன்,
அக்கா


ஓசூர்
30 மே 1953

பிரியமான அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன். கோடை விடுமுறைக்கு இங்கே வருவீர்கள் என்று கிருபாராணி எதிர்பார்த்தாள்.

ஜான்பீட்டருக்கும் கெம்பம்மாவுக்கும் இரண்டு வாரம் முன்பு கல்யாணம் முடிந்தது. போதகர் வந்து நடத்திவைத்தார். அதற்கு முன் மூன்று ஞாயிறும் நான் சபையில் கல்யாண அறிவிப்பு வாசித்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை, ரங்கம்மாகூட. சீக்கிரம் முடிந்தது நல்லதுதான். பண்ணைக் குடியிருப்பில் இருக்கிறார்கள். இனி அவள் ஆலயம் பெருக்க வர வேண்டியதில்லை, சபையில் ஆஞ்சப்பன் என்பவரின் மகள் வருகிறாள்.

வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறேன். உடம்பு சற்று இளைத்திருக்கிறது, வேறு குறையில்லை. உங்கள் வேடிக்கையான கடிதத்தை ரசித்தேன்.

ஈசாக்கு


ஓசூர்
14 பிப்ரவரி 1954

பிரியமான அக்காவுக்கு,

நீங்கள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய துணிகள் பிள்ளைகளுக்குச் சரியாக இருந்தன. அப்போதே எழுதாததை மன்னியுங்கள். சுகமாயிருக்கிறோம்.

உங்கள் துறையில் ஒரு கேள்வி. ஒருவர் ஒரு வார்த்தை சொல்கிறார். அதற்கு இரண்டு பொருள் உண்டு. கேட்டவர் ஒரு பொருளில் எடுத்துக்கொண்டு அதன்படி நடக்கிறார். பிற்பாடு, சொன்னவர் மற்றப் பொருளில் சொன்னதாகத் தெரிகிறது. அதனால் ஒரு கஷ்டம் வருகிறது. தவறு யாருடையது? ஒரு பிரசங்கத்துக்காகக் கேட்கிறேன். சீக்கிரம் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஈசாக்கு


சென்னை
22 பிப்ரவரி 1954

அன்புள்ள ஈசாக்குக்கு,

ஒன்பது மாதம் மௌனம், பிறகு தர்க்கத்தில் ஒரு கேள்வி. உன்னைத் திருத்த முடியாது. ஆனால் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பிலேயே மாணவிகளிடம் கேட்டேன், பாதி நேரம் அதிலேயே போயிற்று.

என் பதில் இது. இரண்டு பொருள் தரும் சொல்லைப் பயன்படுத்துகிறவர்தான் தாம் எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று தெளிவாக்க வேண்டும். கேட்டவர் நல்லெண்ணத்தோடு ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அவர்மேல் குற்றமில்லை. நல்லெண்ணத்தோடு என்பதைக் கோடிட்டுப் படி. ஒருவர் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும், வெளியிலிருந்து நிரூபிக்க முடியாது.

பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லாதே. சபை கெட்டுவிடும்.

முழங்காலுக்கு ஒரு தைலம் கொடுத்திருக்கிறார்கள். வாடையைச் சகித்தால் பலன் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஓசூர்
10 ஏப்ரல் 1954

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

கிருபாராணி எழுதிக்கொள்வது. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அவர் நன்றாக இருக்கிறார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

கெம்பம்மாவின் முதல் புருஷன் திம்மராயன் பிப்ரவரி மாதம் வந்துவிட்டான். சாகவேயில்லை. தங்கவயலில் வேலை செய்துகொண்டு, நினைத்தபோது இங்கே வந்து, குடித்துவிட்டு அவளை அடித்துப்போட்டுப் போகிறவனாம். அதை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்திருக்கிறாள். பண்ணையில் அவன் செத்துவிட்டான் என்று பேசினபோது அவளும் மறுக்கவில்லை, பேசுகிறவர்கள் பேசட்டும் என்று இருந்திருக்கிறாள். இந்தத் தடவை வந்து பார்த்தால் அவள் இன்னொருவன் வீட்டில் நிறைமாதமாக இருக்கிறாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது அவன் வாசலில் நின்றான். "நான் செத்துட்டேன்னு சொன்ன உபதேசியாரு யாருப்பா? கருமாதி பண்ணிட்டீங்களா, இல்ல அதுவும் நான்தான் பண்ணிக்கணுமா?" என்று கேட்டான். சிலர் சிரித்துவிட்டார்கள். இவர் உள்ளே திரும்பிப் போய்விட்டார்.

குழந்தை பிறந்தது, பெண். மார்ச் கடைசியில் சபைக் கமிட்டி கூடியது. போதகர் வந்திருந்தார். அவள் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் கதவோரம் நின்று கேட்டேன். புருஷன் இருப்பதை மறைத்து ஏன் கல்யாணம் செய்துகொண்டாய் என்று கேட்டார்கள். "நான் எதுக்குங்க மறைக்கிறேன்? அய்யாகிட்ட அன்னிக்கே சொன்னேனே. உசுரோட இருக்கறான், அப்பப்ப வர்றான்னு சொன்னேன். ஸ்நானம் எடுத்துட்டா அவன் செத்தவன் கணக்கு, உம்மேல அதிகாரமில்லன்னு அய்யாதான் சொன்னாரு. வேதத்துல எழுதியிருக்குதுன்னாரு. அதை நம்பித்தானுங்க ஜான்பீட்டருக்குச் சரின்னு சொன்னேன்" என்றாள்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் எழுந்து, அது ஆத்துமாவைப் பற்றிய கேள்வி என்றார். பிறகு, இரண்டு பொருள் தரும் சொல்லைப் பயன்படுத்துகிறவர்தான் எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று தெளிவாக்க வேண்டும், கேட்டவர்மேல் குற்றமில்லை என்றார். அது இவர் பேச்சு மாதிரியே இல்லை, அக்கா. எங்கேயோ படித்ததைச் சொல்வது மாதிரி இருந்தது. போதகர் தலையசைத்தார். உங்களுக்கு அப்படித்தான் புரிந்ததா என்று இவரை ஒருவரும் கேட்கவில்லை.

அவள் பெயரைச் சபையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை என்றார்கள். ஜான்பீட்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தாய் அவனைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டாள். திம்மராயன் கூப்பிட்டதற்குக் கெம்பம்மா போக மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

இவர் சாப்பிடுவதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சண்டை போடவில்லை, ஆனால் சத்தமும் இல்லை. போன வருஷம் அவள் ஆலயம் பெருக்க வருகிற நேரம் இவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். மழை இல்லாத மாதத்தில் குடை. நான் மரமில்லை. ஆனால் அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் இவரை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

நீங்கள் எழுதினால் இவர் கேட்பார்.

அன்புடன்,
கிருபாராணி


சென்னை
16 ஏப்ரல் 1954

ஈசாக்கு,

இன்று பெரிய வெள்ளி. நீ ஆலயத்தில் இருப்பாய். இது திங்கட்கிழமை உன் கைக்கு வரும்.

கமிட்டியில் நீ சொன்ன வாக்கியம் எனக்குத் தெரிய வந்தது. அது என்னுடையது. நான் கோடிடச் சொன்ன சொல்லை மட்டும் நீ விட்டுவிட்டாய். யாருக்காகக் கேட்கிறாய் என்று விசாரிக்காமல் பதில் எழுதினேன். ஒரு மாணவி நன்றாகப் பேசினால் எப்படி மகிழ்வேனோ அப்படி என் பதிலைப் பார்த்தே மகிழ்ந்தேன். அதை வைத்து ஒருத்தியை வெளியே தள்ளினீர்கள்.

அந்த விதியை எடுத்துக்கொண்டாலும், இரண்டு பொருள் தரும் அந்தச் சொல்லை முதலில் சொன்னது யார்? அவளா? பழைய மனுஷன் செத்தானா என்று கேட்டவன் நீ. அவள் தன் ஊர்ப் பேச்சில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். ரங்கம்மாவுக்குப் புரிந்தது. சென்னையில் இருந்த எனக்கே சந்தேகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே உனக்கு எழுதினேன். நீ என் கடிதத்தை ரசித்ததாகச் சொன்னாய்.

நீ அடிக்கடி சொல்லும் அப்போஸ்தலனின் நிருபத்தில் அந்த அதிகாரத்தை அப்பாவின் வேதத்தில் எடுத்துப் பார்த்தேன். நன்மை செய்ய விரும்பியும் செய்ய முடியாதவனின் புலம்பலை நீ மனப்பாடமாக வைத்திருக்கிறாய். அது எதில் தொடங்குகிறது என்று பார்த்திருக்கிறாயா? புருஷன் உயிரோடிருக்கும்வரை அவனுக்குக் கட்டுப்பட்ட ஒரு பெண்ணில்.

நீ அவளை ஏன் அவ்வளவு அவசரமாகக் கல்யாணம் செய்துகொடுத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். போய்ச் சொல். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது என்று சொல். அதை உன்னால் மட்டும்தான் சொல்ல முடியும்.

அக்கா


சென்னை
20 ஜூன் 1954

அன்புள்ள ஈசாக்குக்கு,

உன்னிடமிருந்து கடிதமில்லை. கிருபாராணியும் எழுதவில்லை. எல்லோரும் நலந்தானா? பெரியவனைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா?

என் போன கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். அதில் எதையும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அதை எழுதியபோது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது, வாதத்தில் வென்றவளின் திருப்தி. உன் பாஷையில் அவளுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. எனக்குள்ளும் ஒருத்தி குடியிருக்கிறாள் போலிருக்கிறது. ஐம்பது வயதில் அவளை நான் சந்திப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் விடுதிச் சமையலறையில் ஓர் இடம் இருக்கிறது. குழந்தையோடு தங்கலாம். கெம்பம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் சொல்.

அன்புடன்,
அக்கா


ஓசூர்
29 ஆகஸ்ட் 1954

அக்கா,

கிருபாராணியும் பிள்ளைகளும் சுகம். நானும் சுகந்தான். மழை நன்றாகப் பெய்திருக்கிறது.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் எழுந்தேன். வாயைத் திறந்தால் வேறு வார்த்தைகள் வந்தன. ஜூலையில்தான் சொன்னேன். அதையும் சரியாகச் சொல்லவில்லை.

போதகர் வந்திருந்த ஞாயிறு அது. பிரசங்கத்துக்கு முன் எழுந்து நின்று, "கெம்பம்மா காரியத்தில் எனக்குள் இருக்கும் பழைய மனுஷன்தான் செயல்பட்டான், அவன் இன்னும் சாகவில்லை, வேதத்தில் புலம்புகிற அந்த நிர்ப்பந்தமான மனுஷன் நான்தான்" என்றேன். அழுதேன். மூப்பர் ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். போதகர் தம் பிரசங்கத்தையே மாற்றி, நம் உபதேசியாரின் தாழ்மையைப் பாருங்கள், செய்யாத குற்றத்தையும் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று பேசினார். நான் அவளுக்கு ஒரு வருஷம் முன்பு என்ன செய்தேனோ அதையே எனக்குச் செய்தார்கள். நான் சொன்னதை எடுத்து மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் ரங்கம்மா இருந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

பழைய மனுஷன் என்ற அந்த வார்த்தையை விட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மறுநாளே பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். போதகரிடம் வெறும் வார்த்தைகளில் சொன்னேன். "ஐயா, புருஷன் இருக்கிறான் என்று அவள் சொன்னாள். புருஷனைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன்." அவர் ஏன் என்று கேட்டார். அவள் வேறொருவன் வீட்டுக்குப் போய்விட்டால் என் மனம் அடங்கும் என்று நினைத்தேன் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இதை நீர் என்னிடம் சொல்லவில்லை" என்றார். சபை இப்போதுதான் அமைதியாயிருக்கிறது, மறுபடியும் கிளற வேண்டாம் என்றார். அவள் பெயரைத் திரும்ப எழுதுங்கள், பொய் சொன்னவள் என்கிற பேச்சையாவது எடுங்கள் என்று கேட்டேன். புருஷன் உயிரோடிருக்கிறானே, எப்படி எழுதுவது என்றார்.

வேலையை விட்டுவிட்டேன். நாளை மறுநாள் வீட்டைக் காலி செய்கிறோம். கிருபாராணி பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடமும் வெறும் வார்த்தைகளில் சொன்னேன். "தெரியும்" என்றாள். பிறகு, "இந்த அண்டாவைப் பிடியுங்க" என்றாள். இப்போதைக்கு அவள் தகப்பனார் வீட்டுக்கு.

கெம்பம்மா ராயக்கோட்டைச் சந்தையில் இருப்பதாக ரங்கம்மாதான் சொன்னாள். போன வியாழக்கிழமை போனேன். மண்டியில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள், நல்லதை ஒரு கூடையிலும் அடிபட்டதை ஒரு கூடையிலும். குழந்தை பக்கத்தில் சாக்கின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. ஜான்பீட்டரின் நெற்றி. "வாங்கய்யா" என்றாள். எழுந்திருக்கவில்லை.

நீங்கள் எழுதிய விடுதி வேலையை முதலில் சொன்னேன். "உங்க அக்காவுக்குக் கும்புடு சொல்லுங்க. அவ்ளோ தூரம் எதுக்குங்க? இங்கன்னா எல்லாத்துக்கும் என் கதை தெரியும். புதுசா யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல" என்றாள்.

பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுது, கெம்பம்மா."

"தெரியும்யா. ரங்கம்மா சிரிச்சப்ப உங்க காதெல்லாம் செவந்துபோச்சு. புரிஞ்சுதான் சொல்றாருன்னு நெனச்சேன். புரிஞ்சே சொல்றாருன்னா அது வேதத்துல இருக்கத்தான் வேணும்னு நெனச்சேன்."

திம்மராயன் வருகிறானா என்று கேட்டேன்.

"வர்றான். எங்க போனாலும் வர்றான். தண்ணி தலையில விழுந்தும் சாவலியே." ஓர் அடிபட்ட பழத்தைத் திருப்பிப் பார்த்து, எந்தக் கூடை என்று யோசித்துப் போட்டாள். "உங்களுதுய்யா? உங்க பழைய மனுசன் செத்தானா?"

எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வி. என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"இல்லம்மா" என்றேன். "இன்னும் இருக்கான். அப்பப்ப வந்துட்டுப் போறான்."

அவள் கூடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல பதில்யா" என்றாள். "பயப்படாதீங்க."

ஈசாக்கு